பின்பக்க ஆயில் சீல் என்றார்கள்

எங்கள் லாரியில் பானட்டைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் தலையணையை எடுக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கும் கிளீனர் இருக்கைக்கும் நடுவே, மெத்தை தைத்துப் போட்ட பெட்டி போல இருப்பதுதான் பானட். ஆள் கூடினால் ஒருவர் அதன்மேல் உட்காருவார். இரவில் கிளீனர் அதன்மேல் குறுக்கே படுத்துவிடுவான். தலையணை, போர்வை, டிபன் கேரியர், காய்ந்த பூச்சரம் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, கொக்கிகளைத் தட்டி மூடியைத் தூக்கினால் அடியில் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஓட்டுநரின் இடது முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரம்தான். அதனால் இந்த வகை வண்டிகளில் எது கசிந்தாலும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

1999 மாடல். அப்பா வாங்கியது. சங்ககிரியில் ஐந்தாறு வண்டி வைத்திருப்பவரையே சிறிய ஆள் என்பார்கள். நாங்கள் ஒற்றை லாரிக்காரர்கள். இங்கிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி ஓசூர்ப் பக்கம் போகும். பெங்களூரில் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு தாவணகெரே போய், அங்கிருந்து மக்காச்சோளத்தோடு நாமக்கல் கோழித்தீவன ஆலைகளுக்குத் திரும்பும். நான் ஓட்டுநரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. மெக்கானிக் சொல்வதைக் கேட்டுப் பணம் கொடுக்கும் இடத்தில் இருந்தவன். 2020இல்தான் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தேன்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஓட்டுநர் அண்ணன் அவருடைய ஊருக்குப் போய்விட்டார். வண்டி எங்கள் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் மூன்று மாதம் நின்றது. ஜூன் மாதம் எடுத்தோம். பேட்டரி மட்டும் படுத்திருந்தது. மற்றபடி இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. அடுத்த லோடு முடிந்து வந்து நின்றபோது இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, தரையில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய்.

“பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது தம்பி” என்றார் அண்ணன். பட்டறையில் காட்டினோம். குனிந்து பார்த்த மெக்கானிக் பத்து நொடியில் அதையே சொன்னார். டயர் கடைக்காரர், லாரி ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்கள், பக்கத்துத் தோட்டத்து மாமா என்று கேட்டவர் எல்லாரும் அதையே சொன்னார்கள். காரணமும் தயாராக இருந்தது: மூன்று மாதம் ஓடாமல் நின்ற வண்டி, ரப்பர் காய்ந்து போயிருக்கும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். அதை மாற்றக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும், ஃபிளைவீலை எடுக்க வேண்டும். சீலின் விலை சில நூறு ரூபாய். அதைத் தொடுவதற்கு ஆகும் கூலி பல ஆயிரம். “இறக்கியதுதான் இறக்கினோம், கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாம்” என்ற வாசகம் அதற்குப் பின்னால் நிச்சயமாக வரும்.

மூன்று மாதம் வருமானம் இல்லாத வீட்டில் அந்தப் பணம் இல்லை. என் பொறுமைக்குக் காரணம் அதுதான். பெரிய ஆராய்ச்சி மனம் எல்லாம் கிடையாது.

முதலில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்தேன். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. இன்ஜின் ஓடும்போது ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. மணிக்கு 720 சொட்டு, அதாவது 36 மில்லி. பத்து மணி நேரம் ஓடினால் 360 மில்லி. எங்கள் வண்டியின் சேம்பரில், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், நிற்பது 14 லிட்டர். தினமும் காலையில் ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து ஊற்றிக்கொண்டால் வண்டி ஓடும். யாராவது ஒரு நாள் பார்க்க மறந்தால்தான் ஆபத்து. ஆக, தேடுவதற்கு அவகாசம் இருந்தது.

பட்டறைகளில் கசிவுக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் நடுவே வைக்கும் பேக்கிங்கின் ஓரத்தில் ஈரம் படர்ந்து தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் ‘ஊறுகிறது’ என்பார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள். இருபது வருட இன்ஜினில் ஊறாத இடமே இருக்காது. துடைத்த இடத்தில் ஒரு மணி நேரத்தில் மறுபடி மினுங்கினால் ‘கசிகிறது’. துளி திரண்டு விழுந்தால் ‘சொட்டுகிறது’. கோடு கட்டி இறங்கினால் ‘ஒழுகுகிறது’. டீசல் பைப் வெடித்தால் மட்டும் ‘பீய்ச்சுகிறது’. ‘லீக்’ என்ற ஒரே சொல்லில் இவை எல்லாவற்றையும் அடக்கிச் சொல்கிறவரின் தீர்ப்பை இப்போது நான் அவ்வளவாக நம்புவதில்லை.

யாரும் சொல்லாமல் நானாகச் செய்த முதல் வேலை, குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டையைப் பிரித்து இரவில் வண்டிக்கு அடியில் விரித்தது. முன் சக்கரம் எங்கே, கியர் பாக்ஸ் எங்கே என்று அட்டையில் கரியால் குறித்துக்கொண்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கறை இல்லை, நான்கு கறைகள்.

பெரியது கறுப்பு, மசி போல விரலில் ஒட்டியது: இன்ஜின் ஆயில். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிச் சில நாட்களிலேயே புகைக்கரியால் கறுத்துவிடும், அதனால் அடையாளம் சுலபம். ஸ்டியரிங் பெட்டிக்குக் கீழே சிவப்பாக இரண்டு பொட்டு: பவர் ஸ்டியரிங் ஆயில். ரேடியேட்டருக்குக் கீழே காய்ந்துபோன ஒரு வட்டம், விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. கூலன்ட்டோடு எங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீரையும் கலந்து ஊற்றியதன் பலன். தண்ணீர் ஆவியானாலும் உப்பு நின்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான்காவது, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு திட்டு. அட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்தபோது எண்ணெய்க் காகிதம் போல ஒளி கசிந்தது. முகர்ந்தேன். டீசல்.

அந்த டீசல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கிளீனர் பையன் பானட்டைத் தூக்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் பம்ப்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயை விரலால் தடவிப் பார்க்கப் போனான். அண்ணன் அவன் புறங்கையில் ஓங்கி அறைந்தார். பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அறைந்தது சரிதான். பழைய இன்லைன் பம்ப்பாக இருந்தாலும், நாசில் திறப்பதற்கே ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். குழாயில் அதைவிட அதிகமாகவே ஏறும். ஊசிமுனை அளவு கீறல் இருந்தால் அதிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம் மட்டும்தான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். கழுவிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அடுத்த நிமிடமே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. கையால் தேடாதீர்கள், அட்டைத் துண்டை நீட்டுங்கள். அட்டையில் ஈரக்கோடு விழுந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

எங்களுடையது அவ்வளவு பயங்கரமாக இல்லை. நாசில்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரிட்டர்ன் குழாயின் இணைப்பில் செப்பு வாஷர் தேய்ந்திருந்தது. அந்த வாஷர்கள் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும், மறுபடி உட்காராது. சிலர் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி இளக்கிப் போடுவார்கள். புதிதாக வாங்கினால் பத்து ரூபாய்க்குள் முடிகிற காரியத்துக்கு அடுப்பு மூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரேடியேட்டர் கறை அதைவிட எளிது. காலையில் மட்டும் சொட்டும், இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். குளிரில் ஹோஸ் இறுகி, கிளிப்புக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்கிறது. புது கிளிப், முடிந்தது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வந்து எச்சரிப்பதற்காக வைத்த துளை அது. அதில் சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாயைப் பொத்தினால் நோய் போய்விடுமா?

ஆனால் இவை எல்லாம் உதிரி. பெரிய கறை அப்படியே இருந்தது.

அதைப் பற்றி எனக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்தவர் குமாரபாளையம் சாலையில் ஒரு மரத்தடியில் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக். அவர் வண்டிக்கு அடியில் படுத்ததும் எண்ணெயைப் பார்க்கவில்லை, பெல் ஹவுசிங்கின் அடிவயிற்றில் இருக்கும் சிறு துளையைத் தேடினார். கிளட்ச் இருக்கும் அந்தக் கூட்டுக்குள் எண்ணெய் இறங்கினால் வெளியேறுவதற்கான துளை. உள்ளே பின்பக்க சீல் போயிருந்தால் அந்தத் துளை வழியாகத்தான் கறுப்பு ஆயில் வர வேண்டும். கியர் பாக்ஸின் முன் சீல் போயிருந்தாலும் அதே துளைதான், ஆனால் அது கியர் ஆயில்: கெட்டியாக, பழுப்பாக, கந்தக வாடையோடு இருக்கும். எங்கள் வண்டியில் துளைக்குள் கம்பியை விட்டு எடுத்தார். கிளட்ச் தூசி ஒட்டியிருந்தது, காய்ந்த தூசி. வெளிச்சுவர்தான் நனைந்திருந்தது.

“மழை பெய்தால் தாழ்வாரத்தில் ஒழுகும். தாழ்வாரத்திலா மழை பெய்கிறது?” என்றார். பிறகு, “முதலில் கழுவிக்கொண்டு வாருங்கள், இந்த அழுக்கில் எனக்கு ஒன்றும் தெரியாது” என்று எழுந்துவிட்டார்.

இன்ஜின் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுத்துப் பின்பக்கம் அடிக்கிறது. வண்டி ஓடும் வேகக் காற்றும் பின்னோக்கியே. மேலே முன்னால் கசிகிற எண்ணெய் கீழே பின்னால் போய்ச் சேரும். இன்ஜினின் கடைசியில் நிற்கும் பெல் ஹவுசிங், ஊர்க்கோடியில் இருக்கும் குட்டை போல, எல்லார் வீட்டுத் தண்ணீரும் வந்து தேங்கும் இடம். எங்கள் வண்டியில் அதன்மேல் சிமெண்ட் தூசி வேறு. எண்ணெயும் சிமெண்ட்டும் சேர்ந்து விரல் தடிமனுக்குப் பூசிவைத்த சாந்து.

வாட்டர் சர்வீஸில் விட்டோம். இன்ஜின் முழுக்க ஆறும்வரை காத்திருந்து, பழைய டீசலைத் தடவி, இரும்பு பிரஷ்ஷால் சுரண்டி, பிறகு தண்ணீர். சூடான டீசல் பம்ப்பின் மேல் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினால் உள்ளே முடியிழை இடைவெளியில் ஓடும் பிளஞ்சர்கள் பிடித்துக்கொள்ளும் என்று அண்ணன் பம்ப்புக்கும் டைனமோவுக்கும் பாலித்தீன் கட்டிவிட்டார். சாந்துக்கு அடியில் ஒரு வெள்ளிப் பூச்சு தெரிந்தது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், அதற்கு முன் இன்ஜினைத் துடைத்து அலுமினியப் பெயின்ட் அடித்துவிடுவது எங்களிடம் உள்ள வழக்கம். கசிகிற இடத்தின் மேலேயே பெயின்ட். ஆண்டுதோறும் நாங்களே தடயத்தை அழித்திருக்கிறோம்.

காய்ந்ததும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை இன்ஜின்மேல் தூவினோம். டப்பா தீர்ந்துவிட்டது. பையனின் கை டாஷ்போர்டில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை நோக்கிப் போனதை நல்லவேளையாக நான் பார்த்துவிட்டேன். வண்டியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தோம். வெள்ளைப் பரப்பில், இன்ஜினின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின் மூலையில், கண்மை இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. அது இறங்கி, வளைந்து, இன்ஜின் பிளாக்கின் பின்சுவர் வழியாகப் பெல் ஹவுசிங்குக்குப் போனது. கியர் பாக்ஸை இறக்க வேண்டிய வேலை, பானட்டைத் தூக்கி ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையாகிவிட்டது. புது பேக்கிங் போட்டோம். நான் லாரி ஆபீஸுக்குப் போய் ஒரு சுற்றுப் பெருமையடித்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் மறுபடி அதே இடம்.

இந்த முறை வேறொரு பட்டறை. பேக்கிங் சரியில்லை, பேஸ்ட் போட்டால் நிற்கும் என்றார்கள். சிலிக்கான் பேஸ்ட்டை இட்லி மாவு போலத் தாராளமாக அப்பினார்கள். வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயிலோடு போய்ச் சேம்பரில் இருக்கும் சல்லடையை அடைத்தால் இன்ஜினே போய்விடும். அப்போது எனக்கு அது தெரியாது. ஒரு மாதம் நின்றது. பிறகு டேப்பட் கவர் மட்டுமல்ல, முன்பக்க கிராங்க் சீலும் நனையத் தொடங்கியது. டிப் ஸ்டிக் அதன் குழாயிலிருந்து தானாக ஒரு விரல் மேலே எழும்பி நின்றது. லோடு ஏற்றித் தொப்பூர் ஏறிய நாட்களில் எல்லாம் கூடியது. காலியாக வந்தால் குறைந்தது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்ததோடு நான் நிறுத்தியிருந்தேன். ஏன் கசிகிறது என்று கேட்கவே இல்லை.

மரத்தடிப் பெரியவரிடம் மறுபடி போனோம். டிப் ஸ்டிக் எழும்பியதைச் சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின்மேலேயே வைத்தார். மூடி, கொதிக்கிற பானையின் தட்டு போலத் தத்தித் தத்திக் கீழே விழுந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் உண்டு, பழைய இன்ஜினில் கூடுதலாக உண்டு. லோடு ஏறினால் இன்னும் கூடும். அது வெளியே போகத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று அழுத்தம் ஏறி, எண்ணெயை எந்தப் பேக்கிங் இளகியிருக்கிறதோ அதன் வழியாகத் தள்ளும். ஒன்றை அடைத்தால் அடுத்ததைத் தேடும்.

பிரீதர் குழாய் இன்ஜின் பக்கவாட்டில் இறங்கி, சேஸிஸ் ஓரத்தில் வாய் திறந்து நிற்கும். பெரியவர் அதைக் கழற்றி வாயில் ஊதிப் பார்த்தார். போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். செங்கல் துண்டு போல ஒன்று உதிர்ந்து விழுந்தது. எடுத்து நசுக்கிப் பார்த்தோம். எண்ணெய் ஊறி இறுகிய மண். உள்ளே அறை அறையாக.

குளவிக்கூடு. வேப்பமரத்தடியில் நின்ற மூன்று மாதத்தில் கட்டியிருக்கிறது. அதற்கு மேலே குழாயின் கம்பிவலையில் இருபது வருடக் கசடு பாதி அடைத்திருந்தது. மீதியை அது முடித்துவைத்துவிட்டது. நின்றதால் வந்த கோளாறு என்று ஊரே சொன்னது ஒருவகையில் சரிதான். ரப்பர்தான் காரணமில்லை.

குழாயை டீசலில் ஊறவைத்துக் கழுவி மாட்டினோம். இன்ஜினை ஓடவிட்டதும் பீடி குடிப்பவர் விடுவது போல மெல்லிய புகை, சீராக. “இந்த வயசுக்கு இது சரி. இது குபுகுபு என்று வந்தால் ரிங் வேலைக்குப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார் பெரியவர். டேப்பட் கவரைத் திறந்து, பேஸ்ட்டை முழுக்கச் சுரண்டி, வெறும் பேக்கிங் மட்டும் போட்டார். முன்பக்க சீலைத் தொடவே இல்லை. அது தானாகவே காய்ந்துபோனது. கூலியாக அவர் வாங்கிய தொகையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய பேரனுக்கு ஒரு மூட்டை மக்காச்சோளம் தனியாக இறக்கிவைத்தோம், கோழி வளர்க்கிறானாம்.

அதற்குப் பிறகு தரையில் விழுகிற சொட்டைப் பார்த்தால் எனக்குப் பெரிய பதற்றம் வருவதில்லை. பதற்றம் வருவது உள்ளுக்குள்ளேயே நடக்கிற கசிவுகளை நினைத்தால்தான். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப்பின் சீல் தேய்ந்து டீசல் ஆயிலில் கலந்தால் அட்டையில் ஒரு பொட்டும் விழாது. டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். ஆயில் ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்படுபவரை என்ன சொல்வது? ஒரு சொட்டைச் செய்தித்தாளில் வைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு நின்று, அதைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் படர்ந்தால் டீசல் கலந்திருக்கலாம். தண்ணீர் கலந்தால் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் நுரை. ஏர் பிரேக் கம்ப்ரஸருக்கு இன்ஜின் ஆயில்தான் போகிறது. அதன் ரிங் தேய்ந்தால் ஆயில் காற்றோடு சேர்ந்து ஏர் டேங்குக்குள் போய் உட்காரும். டேங்க் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்தால் தண்ணீரோடு கறுப்பாக வரும். எங்கள் ஓட்டுநர் அண்ணன் தினமும் அதைத் திறப்பார். திறந்துவிட்டு என்ன வந்தது என்று குனிந்து பார்க்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது இரண்டு வாரமாகப் புதுத் தொல்லை. இரவு நின்றால், காலையில் டீசலை ஏற்றும் கைப்பம்ப்பை இருபது முறை அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. அட்டை சுத்தமாக இருக்கிறது, ஒரு பொட்டு இல்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே இணைப்பு இளகினால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். நேற்று மாலை ஃபீட் பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு முழம் கண்ணாடி போன்ற குழாயை மாட்டி இன்ஜினை ஓடவிட்டோம். பொன்னிற டீசலில் கடுகளவு குமிழிகள் வரிசையாகப் போயின. பையன் எண்ண ஆரம்பித்துவிட்டான். மொத்தம் நான்கு இணைப்புகள். இரண்டைக் கழற்றி வாஷர் மாற்றியாகிவிட்டது, குமிழி நிற்கவில்லை. மூன்றாவது டேங்க்குக்கு மேலே, கை நுழையாத இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லை.